எழுதிக் கொடுத்ததை மட்டும்

ஜனவரி 20, வியாழன்

இன்றைக்குக் குடிநீர் அறிவிப்பு. நகராட்சி ஆபீசில் கொடுத்த சீட்டில் இருந்தது ஒரே வரி: "குழாய் பழுது காரணமாக நாளை காலை குடிநீர் வராது." இதை அப்படியே படித்தால் தெரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. நான் ஆட்டோவில் போய் மைக்கில் சொன்னது வேறு. "தாய்மார்களே! மெயின் பைப்பு யானைத் தும்பிக்கை மாதிரி வெடிச்சிக் கெடக்குது! இஞ்சினியருங்க இடுப்பளவு தண்ணியில நின்னுகினு கீறாங்க! குடம், குண்டான், சொம்பு எல்லாத்தையும் இன்னிக்கே ரொப்பிக்குங்க!" பத்து நிமிடத்தில் ஊரே குழாயடியில். வரிசை கோவளம் வரைக்கும் போனது. சரி, கோவளம் வரைக்கும் இல்லை, மாதா கோயில் வரைக்கும்.

மத்தியானத்துக்குள் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிட்டதாம். ஜெபா போன் செய்தாள். ஜெபா என் அக்கா ரெஜினாவின் ஒரே மகள். எங்கள் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர்.

"மாமா, சீட்டுல யானை எங்க இருந்திச்சி?"

"யானை இல்லாட்டி எவன் பாப்பா குடத்தத் தூக்குவான்?"

முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. "எழுதிக் குடுத்தத மட்டும் படிங்க மாமா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுதிக் கொடுத்ததை மட்டும் படிப்பதற்கு ஏசுபாதம் எதற்கு? ஒரு பொம்மையை ஆட்டோவில் உட்கார வைத்தால் போதுமே.

இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். நகராட்சி முத்திரை போட்டது. பெரிய மனிதர்கள் எழுதும்போது நான் எழுதக் கூடாதா? படிப்பு எட்டாவது ஃபெயில். வெளியே பத்தாவது என்று சொல்வது வழக்கம். சில இடங்களில் பிளஸ் டூ.

ஜனவரி 24, திங்கள்

குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள், சவுக்குத் தோப்புக்குப் பின்னால். வீடு இருக்கிறது, பட்டா இல்லை. இத்தனை வருஷமாகியும் இல்லை. கொசு மருந்து அடிக்கிற அறிவிப்பு.

மீன்காரி செங்கம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் குரல் கேட்டதும் முக்காட்டை இறக்கிவிட்டு எழுந்தாள். இந்தக் குவார்ட்டர்ஸில் என் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தப் புயல் வருஷம், எல்லாரும் "காத்துதானே" என்று படுத்திருந்தபோது, நான்தான் ஆட்டோவைக் கொண்டுபோய்த் தெருத் தெருவாய்க் கத்தினேன். எந்தச் சீட்டும் இல்லை. எந்த ஆபீசரும் சொல்லவில்லை. குழந்தை குட்டிகளோடு எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பொழுது விடிந்து பார்த்தால் பாதி வீடுகளுக்குக் கூரை ஷீட் இல்லை. நான் காப்பாற்றியது ஐயாயிரம் பேர் என்று டீக்கடையில் சொல்வேன். குவார்ட்டர்ஸில் மொத்தமே அத்தனை பேர் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் காப்பாற்றியது நிஜம். இது ஒன்று நிஜம்.

ஜனவரி 27, வியாழன்

நகராட்சித் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஓட்டு. ஜெபாவுக்கு வாக்காளர் விழிப்புணர்வு வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எவனும் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலை. அவள் தலையில் கட்டினார்கள் என்று ரெஜினா சொல்கிறாள். நான் டீக்கடையில், "கமிஷனரே கூப்ட்டு, ஜெபா இல்லாட்டி எலெக்‌ஷனே நடத்த முடியாதுன்னு சொல்லிட்டாரு," என்றேன்.

ஆபீசில் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை. நான் என்ன, நிற்கத் தெரியாதவனா? மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. எனக்குப் பேப்பர் கப். ஜெபாவுக்கும் பேப்பர் கப். கிருமி பயமாம். வி.ஐ.பி.க்குத்தான் யார் வாயும் படாத புதுக் கப் கொடுப்பார்கள் என்று வீட்டில் ஹெலனிடம் சொன்னேன். என் சம்சாரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஜெபா மெதுவாகச் சொல்லியிருந்தாள். "ஆபீஸ்ல பாப்பான்னு கூப்பிடாதீங்க மாமா. மேடம்னு கூப்பிடுங்க. ஏற்கெனவே இவங்க சொந்தக்காரங்களுக்கு வேல குடுக்கிறாங்கன்னு பேசிகினு இருக்காங்க."

பேசட்டுமே! வயிற்றெரிச்சல். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து நான் இந்த நகராட்சிக்கு மைக் பிடிக்கிறேன். ஆனால் அதைச் சொன்னால் எவன் எழுந்து நிற்கிறான்? "என் அக்கா பொண்ணு வந்து கையெழுத்து போட்டாதான் எனக்கு இந்த கான்ட்ராக்டே. அவ கண்ண காட்டாம அந்த ஆபீஸ்ல ஃபேன் கூட சுத்தாது," என்று சொல்லிப் பார்க்க வேண்டும், டீக்கடையில் பெஞ்சு காலியாகும். லாரிக்காரர் கலையரசன்கூட நகர்ந்து இடம் விட்டார். இந்த முறை குவார்ட்டர்ஸ் வார்டில் நிற்கிறாராம். எதிரே எங்கள் குவார்ட்டர்ஸ் பொன்னி, மகளிர் குழுத் தலைவி.

பிப்ரவரி 3, வியாழன்

மனசு சரியில்லை.

குப்பை வண்டியில் போடுவதற்கு ரிக்கார்டு செய்ய வேண்டும் என்றார்கள். ஊரில் குரல் என்றால் யார்? சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். போனால் ஜெபா ஏற்கெனவே அவள் போனிலேயே பேசி அனுப்பிவிட்டாள். "மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தனித்தனியாகப் பிரித்து வழங்குங்கள். நன்றி." முடிந்தது. உப்பில்லாத கஞ்சி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. குப்பை கேட்பதற்கு எதற்கு நன்றி?

"நீங்க பேசினா குப்பைக்கு ஒரு கத வந்துடும் மாமா," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 8, செவ்வாய்

குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரு புரளி. வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது, நகராட்சி முத்திரையோடு. ஓட்டுச் சாவடியில் நம் பெயருக்கு எதிரே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார்கள் அல்லவா? அதுதான் வீட்டைக் காலி பண்ணச் சம்மதம் என்று எழுதிக் கொடுப்பதாம். அந்த இடத்தில் கடலைப் பார்த்து ஓட்டல் வரப் போகிறதாம். பட்டா இல்லாதவர்களிடம் வீட்டைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பத்தான் செய்வார்கள். பொன்னி அழாத குறையாய் ஜெபாவிடம் வந்தாள். குவார்ட்டர்ஸ் ஓட்டுப் போடாவிட்டால் அவள் ஜெயிக்க முடியாது. யார் கிளப்பியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

ஜெபா உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினாள். அடித்து அடித்து நாலு தரம் எழுதினாள். "வாக்காளர் பெருமக்களே, வாக்குச்சாவடியில் நீங்கள் இடும் கையொப்பம், நீங்கள் வாக்களிக்க வந்ததற்கான அடையாளம் மட்டுமே. அச்சமின்றி வாக்களியுங்கள்."

"புரளி இன்னான்னே இதுல காணோமே பாப்பா. மேடம்."

"வேணும்னேதான் எழுதல. கேக்காதவங்க காதுலயும் நாமளே கொண்டுபோய்ப் போட்டுடக் கூடாது. நெஜத்த மட்டும் சொல்லுங்க, மாமா. ஒரு வார்த்த சேக்காதீங்க. என்மேல சத்தியம்."

என்மேல சத்தியம் என்றாள். சின்னப் பெண்ணாய் இருந்தபோது பஞ்சு மிட்டாய்க்குச் சொல்வாள் அப்படி.

பிப்ரவரி 9, புதன்

சீட்டில் உள்ளதை மட்டும் படித்தேன். காலை முதல் சாயங்காலம் வரை. ஒரு ஆள் வெளியே வரவில்லை. செங்கம்மாள் மட்டும் எட்டிப் பார்த்து, "இன்னாடா, ஒடம்பு சரியில்லியா? செத்த வூட்ல பேசற மாதிரி பேசற," என்றாள்.

எனக்கே என் குரலைக் கேட்கக் கூச்சமாய் இருந்தது.

பிப்ரவரி 10, வியாழன்

இன்றைக்கு நான் பேசியதைக் கேட்க ஒரு பிறவி போதாது!

குவார்ட்டர்ஸ் வளைவுக்கு எதிரே டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கலையரசன் தன் கட்சிப் பையன்களோடு வந்தார். எதிர் ஆள்தான், ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர். நாஸ்தா வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணாத்த, நேத்து நீ பேசனத கேட்டேன். அது ஆபீஸ் வாய்ஸு. ஒன் வாய்ஸ் எங்க போச்சி?"

"சீட்டுல கீறத மட்டும் படிக்கணுமாம்."

"யாரு, ஒன் அக்கா பொண்ணு சொல்லிச்சா? புயல் அன்னிக்கி ஒனுக்கு யாரு சீட்டு எழுதிக் குட்த்தாங்க?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்விதானே?

"நாங்க பொய் சொல்லிகினு திரியறோம்னு ஊர்ல பேச்சு. எனுக்கும் பேஜாரா கீது. நீயே ஒன் ஸ்டைல்ல மறுத்துச் சொல்லு அண்ணாத்த. ஒன்ன வுட்டா யாரு கீறாங்க?"

எழுந்தேன். மைக்கைப் பிடித்தேன். நாடகத்தில் வில்லன் முதலில் வர வேண்டும், அப்போதுதான் கதாநாயகனுக்குக் கைதட்டல். அதனால் முதலில் புரளிக்காரன் மாதிரி: "குவார்ட்டர்ஸ் சனங்களே! நகராட்சி அறிவிப்பு! ஓட்டுச் சாவடியில கையெழுத்து போடாதீங்க! போட்டா ஒங்க வூட்ட நீங்களே எழுதிக் குட்த்த மாதிரி! அடுத்த மாசம் புல்டோசர் வரும்! ஓட்டல்காரன் வருவான்! பத்தொம்பதாம் தேதி வூட்லயே குந்திக்குங்க!" ஒரு நிமிடம் நிறுத்தினேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அப்புறம் குரலை மாற்றி, "இப்பிடின்னு ஒரு கூட்டம் புளுகிகினு கீது! நம்பாதீங்க!" என்றேன்.

கைதட்டல்! விசில்! கலையரசனின் பையன்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். "இன்னொரு வாட்டி அண்ணாத்த, அந்த புல்டோசர இன்னொரு வாட்டி!" என்று கேட்டார்கள். மூன்று தரம் செய்தேன். மூன்றாவது தரம்தான் உச்சம். புல்டோசர் சத்தமே வாயால் கொடுத்தேன்.

சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆனால் நல்லதுக்குத்தானே சேர்த்தேன்?

பிப்ரவரி 11, வெள்ளி

எழுத நேரமில்லை. ஊரெல்லாம் என் பேச்சு. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் சிற்பக் கூடத்து ஆட்கள்கூட "புல்டோசர் அண்ணாத்த" என்று கூப்பிட்டார்கள்.

பிப்ரவரி 13, ஞாயிறு

கோயிலில் ரெஜினா என் பக்கத்தில் உட்காரவில்லை. பூசை முடிந்ததும் நேரே வந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கூட்டம் அத்தனையும் பார்க்க, "நல்லா வாழ வச்சடா எம் பொண்ண," என்றாள். போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஹெலன் போனை நீட்டினாள். நான் பேசியது. வில்லன் பகுதி மட்டும். "நகராட்சி அறிவிப்பு" என்பதில் ஆரம்பித்து "வூட்லயே குந்திக்குங்க"வோடு வெட்டியிருக்கிறார்கள். "நம்பாதீங்க" இல்லை. படத்தில் என் ஆட்டோ, என் ஸ்பீக்கர் ஹாரன், நகராட்சி போர்டு, என் முகம். எவ்வளவு தெளிவாய்ப் பேசியிருக்கிறேன்! நானே நம்பிவிடுவேன் போலிருக்கிறது.

"அதுல பாதிதான் கீது. மீதிய வெட்டிட்டானுங்க," என்றேன்.

"வெட்டறதுக்குக் குட்த்தது யாரு?" என்றாள் ஹெலன்.

பிப்ரவரி 14, திங்கள்

ஆபீஸ் வராந்தாவில் ஜெபா நின்றுகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கமிஷனர் அறையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறாள்.

"நான் எழுதினதுல புல்டோசர் இருந்திச்சா மாமா?"

"கடைசியில நம்பாதீங்கன்னு சொன்னேனே, மேடம்."

"கடைசி வரைக்கும் யாரு கேக்கறாங்க? அவங்க கேமரா முன்னாடி நின்னு, மூணு வாட்டி. பின்னாடி அவங்க கொடி தெரியுது. நீங்க பார்க்கவே இல்லியா?"

கொடியை நான் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தேன்.

"இனிமே குவார்ட்டர்ஸ் பக்கம் வண்டி வேணாம். நானே வீடு வீடா போறேன்."

போனாள். மைக் இல்லாமல், தோளில் பையோடு, வெயிலில். பொன்னியைக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை, வேட்பாளரோடு ஆபீசர் நடந்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்களாம். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாளாம். பெண்கள் தண்ணீர் கொடுத்தார்களாம், தலையை ஆட்டினார்களாம். கடைசியில், "அதான் ஒங்க மாமாவே மைக்ல சொல்லிட்டாரே மேடம். ஒங்க வூட்டு ஆளு, அவருக்குத் தெரியாதா?" என்றார்களாம்.

என் குரலை இவ்வளவு நம்புகிற ஊர் இது. பெருமைப்பட வேண்டிய விஷயம். எழுதுகிற எழுத்துதான் கோணுகிறது.

பிப்ரவரி 15, செவ்வாய்

அவள் வேண்டாம் என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சீட்டில் உள்ளதை மட்டும், அவள் எழுதியதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து படித்தேன். "அடையாளம் மட்டுமே. அச்சமின்றி வாக்களியுங்கள்."

பையன்கள் கூடிக்கொண்டு, "புல்டோசர் சவுண்டு குடு அண்ணாத்த!" என்று கத்தினார்கள். நான் கொடுக்கவில்லை. மறுபடியும் சீட்டையே படித்தேன். செங்கம்மாள் வந்து ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மெரட்டினாங்களா?"

"யாரு?"

"ஆபீஸ்ல. அன்னிக்கி மனசுல கீறத சொன்ன. இன்னிக்கி பேப்பர பாத்துப் படிக்கிற. எங்களுக்கு இது கூடவா தெரியாது? நீ போடா, ஒனுக்கு வேல போயிடப் போவுது."

இல்லை அக்கா, இதுதான் நிஜம், அதுதான் பொய் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பாவப்பட்டு.

என்ன ஜனங்கள் இது. என்ன ஊர் இது. பொய்யைச் சொன்னேன், எழுந்து வந்தார்கள். நிஜத்தைச் சொல்கிறேன், பாவம் என்கிறார்கள்.

பிப்ரவரி 17, வியாழன்

பிரசாரம் ஓய்ந்தது. கலையரசன் ஆள் ஒருவன் ஜெபா பேரில் மேலிடத்துக்கு மனு கொடுத்திருக்கிறான். நகராட்சி அலுவலர் தன் சொந்தத் தாய்மாமனுக்கு வேலை கொடுத்து, அவர் மூலமாக மக்களைப் பயமுறுத்தினாராம். வெட்டியவனே மனு கொடுக்கிறான்! கொலை பண்ணியவன் பாடைக்குப் பூ வாங்கி வருகிற மாதிரி.

டீக்கடைக்குப் போய்க் கேட்டேன். கலையரசன் எழுந்து இடம் விடவில்லை. "இன்னா அண்ணாத்த, கோவமா? நான் ஒரு வார்த்த சொன்னேனா? பேசனது பூரா நீதானே," என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போன மாதம் எனக்காக நகர்ந்து உட்கார்ந்தவர்கள்தான்.

பிப்ரவரி 19, சனி

ஓட்டு. பள்ளிக்கூடத்துச் சாவடியில் மற்ற தெருக்காரர்கள் முகக்கவசத்தோடு வரிசையாக நின்றார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம். இதில் நான் கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. பொன்னி எதிர் ஓரத்தில் மர நிழலில் உட்கார்ந்து, குவார்ட்டர்ஸ் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குமேல் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

நான் ஓடினேன். செங்கம்மாள் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கால்ல வுழறேன், எழுந்து வா. நேரம் முடிஞ்சிடப் போவுது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. "ஒன் கொரல கேட்டுதான்டா அன்னிக்கி எழுந்து ஓடனோம். ஒன் கொரல கேட்டுதான் இன்னிக்கி குந்திகினு கீறோம். நீயே வந்து எழுந்துருன்னா எத நம்பறது?"

கருவாட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 22, செவ்வாய்

கலையரசன் ஜெயித்தார். வெடி வெடித்தார்கள். ஊர்வலத்துக்கு என் ஆட்டோவைக் கேட்டு ஆள் அனுப்பினார். வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஹெலன்தான் வெளியே போய் என்னவோ சொன்னாள். அவள் அவ்வளவு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 9, புதன்

செங்கல்பட்டில் விசாரணை. என்னையும் வரச் சொல்லிக் கடிதம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜெபா முன் சீட்டில், நான் பின் சீட்டில். ஊர் தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டிய பிறகும் பார்க்கவில்லை.

விசாரிக்கிற அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். முழு வீடியோ எங்களிடம் இல்லை, ஆனால் டீக்கடைக்காரர் வந்து நான் "நம்பாதீங்க" என்று சொன்னதைத் தானும் கேட்டதாகச் சொன்னார். அதை எழுதிக்கொண்டார்கள். அந்த மட்டும் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்புறம் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இந்த வேலையை உங்கள் அக்கா மகள் வந்துதான் வாங்கிக் கொடுத்தார் என்று நீங்கள் பல பேரிடம் சொல்லியிருக்கிறீர்களாமே?"

"சும்மா சொன்னேன் சார்."

"சொன்னீர்களா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா சார், அவ ஸ்கூல் போற காலத்துலயே நான் மைக் புடிச்சிகினு இருந்தேன்."

"அதற்குக் காகிதம் ஏதாவது?"

காகிதம் ஏது? அந்தக் காலத்தில் ஒரு கான்ட்ராக்டர் பேரில்தான் எல்லாம். என் பேர் எங்கேயும் கிடையாது. ஜெபா வந்த பிறகுதான், "உழைக்கிறவங்க பேர்லயே இருக்கணும்," என்று சண்டை போட்டு, முதல் தடவையாக என் பேரைக் காகிதத்தில் ஏற்றினாள். கீழே அவள் கையெழுத்து. அந்தக் காகிதம்தான் அங்கே மேசைமேல் இருந்தது. நான் சொன்ன பொய்க்குச் சாட்சியாக, அவள் செய்த நியாயம்.

கடவுள் சாட்சியாய் நான் சொல்வது நிஜம் சார் என்றேன். அழுதுவிட்டேன். அதிகாரி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நம்பினாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவன் லேசாகச் சிரித்தான். அழுகையையும் நான் சேர்த்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பான்.

மார்ச் 10, வியாழன்

வாயைத் தைத்துக்கொள்ளலாமா? ஹாரன் இரண்டையும் கழற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்தேன்.

மார்ச் 28, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. ஜெபாவுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். இடமாற்றம், தெற்கே, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். எனக்கு மைக் வேலை இல்லை. இனி எல்லாம் ரிக்கார்டுதானாம். நோட்டீஸை முதலில் கிளப்பியது யார் என்று எவரும் தேடவில்லை.

ரெஜினா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தும் உள்ளே வா என்று சொல்லவில்லை. ஜெபா சமையல் சாமான்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா."

ஒரு டம்ளரை எடுத்தாள்.

"நான் இன்னா வேணும்னா பண்ணனேன்?"

"இல்ல மாமா. வேணும்னு பண்ணியிருந்தா சண்டை போட்டுட்டு வுட்டுடலாம்." டம்ளரைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். "நீங்க பொய் சொல்றது எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். அத கேட்டுத்தான் வளந்தேன். ரொம்பப் புடிக்கும். ஆனா அன்னிக்கி அந்த ரூம்ல, நெஜத்த சொல்லி அழுதீங்க பாருங்க. ஒரு ஆளு நம்பல. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்திச்சி. ஒங்க வேலைய நான்தான் வாங்கிக் குடுத்தேனோன்னு."

ரெஜினா அடுப்படியில் மூக்கை உறிஞ்சினாள்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க. போற ஊர்லயும் இந்தப் பேச்சு வரக் கூடாது. இனிமே யாரு கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அதுக்குமேல ஒண்ணும் சேக்காதீங்க."

சரி என்று சொன்னேனா, தலையை ஆட்டினேனா, நினைவில்லை. அவளைப் பஸ் ஏற்ற நான் போகவில்லை. போனேன் என்று ஹெலனிடம் சொன்னேன்.

ஏப்ரல் 17, ஞாயிறு

ஈஸ்டர். ரெஜினா அக்கா தனியாக வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜூன் 14, செவ்வாய்

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன், மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில். பேச வேண்டிய வேலை இல்லை. ஊர் பேரைச் சொன்னால் போதும், அதையும் கிளீனர் இல்லாத குறைக்குத்தான் சொல்கிறேன்.

காலையில் ஒரு புருஷன் பெண்டாட்டி ஏறினார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் வேலையாம், கல்யாணமாகி முதல் தடவையாகக் கடல் பார்க்க வந்தார்களாம். குவார்ட்டர்ஸ் வளைவுக்கு அருகே குப்பை வண்டி குறுக்கே நின்றது. பழைய ரிக்கார்டு இன்னும் மாற்றவில்லை. "மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தனித்தனியாகப் பிரித்து வழங்குங்கள்."

செங்கம்மாள் இரண்டு வாளியோடு வந்து, இதில் ஒன்று அதில் ஒன்று என்று சரியாகப் போட்டாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"எவ்ளோ தெளிவா சொல்றாங்கல்ல," என்றாள் அந்தப் பெண். "யாருண்ணா இவங்க? இந்த ஊரா?"

"தெரியாதும்மா," என்றேன்.

வழி கிடைத்துவிட்டது. ஆனாலும் வண்டியை எடுக்கவில்லை. ரிக்கார்டில் கடைசி வார்த்தை வரும் வரை நின்றேன்.

"நன்றி," என்றாள்.